வண்ண ஏணிக்கு மேலே ஒரு தெரு

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பாதரசம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், வரைபடப் பிரிவில், பத்தொன்பது வருட வேலை. அதில் உட்கார்ந்து பார்த்த வேலை நாலு வருடம் தேறினால் அதிகம். கூட வேலை பார்ப்பவர்களின் நாற்காலி மெத்தையெல்லாம் பள்ளம் விழுந்து கிடக்க, அவளுடையது மட்டும் கடையிலிருந்து வந்த மேனிக்கு உப்பியிருந்தது. தேய்ந்ததெல்லாம் தரைதான். அவள் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே தேய்ந்த தடத்தில், துடைக்க ஊற்றிய தண்ணீர் வாய்க்கால் போலத் தானாக ஓடும் என்று துப்புரவுக்காரம்மா சத்தியம் செய்வாள். நான் பார்த்தபோது ஓடவில்லை. ஆனால் ஓடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அவள் வேலை என்னவென்றால், இன்னும் வராத வெயிலை வரைவது. உலகம் முழுவதற்குமாகப் பெரிய ஆய்வுக்கூடங்கள் கணக்குப் போட்டு எண்கள் அனுப்பும். முப்பது வருடம் கழித்து இந்தப் பக்கம் எவ்வளவு காயும் என்று. ஆனால் அவர்கள் அனுப்புகிற ஒரு கட்டத்துக்குள் எங்கள் ஊரே அடங்கிவிடும். பக்கத்து ஊரும் சேர்ந்து உட்காரும். அதை நறுக்கி, எந்தத் தெருவில் மரம், எங்கே தகரக் கூரை, எங்கே தார் ரோடு, எந்தச் சந்தில் காற்று நுழையும், எதில் நுழையாது என்று சேர்த்துப் பிசைந்து, தெருவுக்கு ஒரு கட்டமாக்கி, வருடத்தில் எத்தனை நாள் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதை நிறமாகப் பூசித் தரவேண்டும். பதினைந்து நாளுக்குள் என்றால் வெளிர் மஞ்சள். அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறி, தொண்ணூறு நாளில் கருஞ்சிவப்போடு முடியும். அந்தப் பிரிவில் இதை வண்ண ஏணி என்பார்கள். அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த வரைபடக்காரர் கட்டிவைத்துவிட்டுப் போன ஏணி.

அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வரைந்தபின் சிவப்பாக விழுந்த தெருக்களையெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வருவாள். பையில் விரல் நீளத்துக்கு ஒரு வெப்பமானி, காலில் தேய்ந்த செருப்பு. நடுமதியத்தில் புறப்பட்டுப்போய், கூரையைப் பார்ப்பாள், சுவரைத் தொடுவாள், கதவைத் தட்டி, "இங்க மதியம் தூங்க முடியுதா?" என்று கேட்பாள். வீடு வாடகைக்குத் தேடுகிறாள் என்று நினைத்தவர்கள் உண்டு. புத்தி பேதலித்தவள் என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. அவள் குடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு தங்கை. வேலைக்குப் போகிற தாய் தகப்பன்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற காப்பகம் நடத்துகிறாள். ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை இருபத்து மூன்று உருப்படிகள். ரிட்டயரான டீச்சரம்மா ஒருவரின் மாடியில் இரண்டே அறை. மதியம் பாய் விரித்தால் ஒருத்தன் கால் இன்னொருத்தி வாயில். அக்காவும் தங்கையும் சந்தித்தால் முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"என்னக்கா, அடுத்த ஜென்மத்து வெயிலுக்குக் கலர் அடிச்சு முடிச்சியா?"

"நீ உன் கூட்டத்துக்கு மூக்கு துடைச்சு முடிச்சியா?"

பாதரசம் கொண்டுவந்து கொடுக்கிற வரைபடங்கள் நல்ல வழவழப்பான கனத்த காகிதம். தங்கை அவற்றை மறுக்காமல் வாங்கி அலமாரித் தட்டில் விரித்து, அதன்மேல் பொடிசுகளின் உள்ளாடைகளை அடுக்கிவைப்பாள். பதினைந்து வருடமாக ஊரின் எதிர்காலம் அப்படித்தான் அங்கே மடிந்து கிடந்தது.

இந்த வருடம் ஆய்வுக்கூடங்களிலிருந்து புது எண்கள் வந்தன. முந்தியதைவிட மோசம். பாதரசம் ராப்பகலாக இல்லாவிட்டாலும் காலையும் மாலையுமாக நடந்து நடந்து வரைந்தாள். ஊரில் பாதி சிவந்துவிட்டது. ஆனால் ஒரு அதிசயம். ரயில் பாதைக்குப் பக்கத்தில், கருஞ்சிவப்புக்கு நடுவில், கிடங்குத் தெரு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வெளிர் மஞ்சள்கூட இல்லை. வெள்ளை.

பிரிவின் தலைவருக்குக் கல்தூண் என்று பெயர். காலையில் நட்டால் மாலையில்தான் பிடுங்கமுடியும். அவரே எழுந்து வந்து பார்த்தார்.

"அங்க ஒரு குளம் இருந்துச்சும்மா. அதான் குளிர்ச்சி."

"குளத்தை மூடிட்டாங்களே சார்."

"மேல மூடியிருப்பாங்க. அடியில தண்ணி இருக்கும்ல. விடு, ஒரு இடமாவது நல்லா இருக்கட்டும். எல்லாம் செவப்பா இருந்தா மேல இருக்கிறவங்க என்னைத்தான் முறைப்பாங்க."

அச்சுக்கு அனுப்பவேண்டிய நாள் மறுநாள். சிவப்புத் தெருக்களே அறுபத்தெட்டு இருந்தன நடப்பதற்கு. வெள்ளைத் தெருவுக்குப் போய் என்ன செய்வது என்று பாதரசம் விட்டுவிட்டாள். கெட்ட செய்தி என்றால் ஒன்றுக்கு நாலு தடவை விசாரிப்போம். நல்ல செய்தியை வாசலில் நிறுத்தி யார் அடையாள அட்டை கேட்கிறார்கள்? நானூறு பிரதி அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. கட்டடத்தின் நுழைவாயிலில் ஆளுயரத்துக்கு ஒன்றைப் பலகையாக மாட்டினார்கள்.

ஒரு வாரம் ஆகவில்லை, கிடங்குத் தெரு ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற காற்று ரயில் பாதையோடு வந்து அந்தத் தெருவில்தான் திரும்புகிறது என்றார் ஒருவர். எங்கள் ஊருக்கு மலையே கிடையாது. பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்றார் தபால்காரர். போன கோடையில் அந்தத் தெருவைக் கடக்கும்போது தனக்கு உடம்பு நடுங்கியதாக முடிவெட்டுகிறவர் சொல்ல, அவருக்கு அன்றைக்கு மலேரியா என்பதை அவர் மனைவி நினைவூட்டவேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. அவள் ஆறு மாதமாகப் பெரிய இடம் தேடிக்கொண்டிருந்தாள். கிடங்குத் தெருவில் ஒரு கூடம் காலியாக இருந்தது. பழைய பஞ்சுக் கிடங்கு, இருபத்து மூன்று பேரும் உருண்டு விளையாடலாம், முன்னால் முற்றம். இருபது வருடக் குத்தகை. அந்த வரைபடத்தை முதல் தடவையாக அலமாரித் தட்டில் போடாமல், பசை தடவிக் காப்பகத்துச் சுவரில் ஒட்டினாள். டீச்சரம்மாவிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்னாள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கையெழுத்து.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. "அக்கா, சாவி கையில இருக்கு. வந்து பாரு. உன் புண்ணியத்துல கிடைச்ச இடம்."

பாதரசத்துக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருடமாகக் கேலி செய்தவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஒரு மணி வெயிலில் நடந்தே போனாள். கிடங்குத் தெரு முனையில் காவல்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலாக மடித்த வரைபடத்தால் விசிறிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீதான் மேப்பு போட்ட அம்மாவா? சரியா போட்டம்மா. எங்க தெருவுல எப்பவுமே ஒரு காத்து."

"இப்ப வருதாண்ணே?"

"இப்பத்தான் போச்சு. நீ கொஞ்சம் முந்தி வந்திருக்கணும்."

இரண்டு பக்கமும் உயரமான கிடங்குச் சுவர். ஒரு மரம் இல்லை. சுவரைத் தொட்டாள், கையை எடுத்துவிட்டாள்.  கூடத்துக்குள் தங்கை கையை விரித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்: இங்கே பாய், இங்கே பொம்மை, இங்கே தண்ணீர்க் குழாய். பாதரசம் அண்ணாந்து பார்த்தாள். தகரம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அடியில் பலகைகூட இல்லாத தகரம். பையிலிருந்த வெப்பமானியை எடுத்துச் சுவரோரம் வைத்து, எடுத்துப் பார்த்து, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். நாற்பத்து நாலு.

"என்னக்கா முழிக்கிறே? பிடிக்கலயா?"

"ஒரு வேலை இருக்குடி. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

அவள் அலுவலகத்துக்குத் திரும்பிய வேகத்தைப் பற்றி ஊரில் சொல்வதை நான் இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். படி ஏறி, நின்றபடியே கம்ப்யூட்டரைத் திறந்து, நிறத்தை நீக்கிவிட்டு வெறும் எண்களைப் பார்த்தாள். கிடங்குத் தெருவின் கட்டத்தில் தொண்ணூற்றேழு என்று இருந்தது.

ஏணி தொண்ணூறில் முடிகிறது. பழைய வரைபடக்காரர் அதைக் கட்டிய காலத்தில் தொண்ணூறுக்கு மேல் ஒரு எண் வரும் என்று சொல்லியிருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கம்ப்யூட்டரோ சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஏணியில் இல்லாத எண்ணுக்கு எந்த நிறமும் பூசாது. சும்மா விட்டுவிடும். விட்டுவிட்டால் காகிதத்தின் வெள்ளை தெரியும். ஊரிலேயே மிக மோசமாகக் காயப்போகிற தெரு, ஊரிலேயே குளிர்ச்சியான தெருவாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்தூணிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, எண்ணைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை கூட்டத்துல வெச்சு மெதுவா சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எந்தங்கச்சி கையெழுத்துப் போடறா சார். இருபது வருஷத்துக்கு."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? ஏணி பழைய ஆளோடது. நம்ம மேல தப்பு வராது, கவலைப்படாதே."

"ஏணி அவரோடது. ஏறினது நான்தானே சார்."

"முன்கூட்டியே வெளிய சொன்னா விளக்கம் கேட்டு எழுதுவாங்க. சொல்லலேன்னு சொல்லாதே."

"எழுதட்டும். பதில் நின்னுகிட்டே எழுதிருவேன்."

அன்று சாயங்காலம் காப்பகத்தில் கடைசிப் பிள்ளையின் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனபிறகு பாதரசம் சொன்னாள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே போய்வந்துகொண்டே சொன்னாள். தங்கை பாய்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். 

"நீ கொண்டுவந்த மேப்பையெல்லாம் ஜட்டிக்கு அடியில போட்டேன். மொத தடவை ஒண்ணை மதிச்சு செவுத்துல ஒட்டினேன். அதையும் பொய்ங்கிறே."

"பொய் இல்லடி. அந்த வெள்ளை என்னன்னு நெனச்சே?"

"குளிர்ச்சின்னு."

"அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வார்த்தை இல்லாம போன இடம்."

"முப்பது வருஷத்துக்கு அப்புறம்தானே? எங்கிட்ட இருக்கறது இருபது வருஷக் குத்தகை. அப்ப நான் கெளவி, நீ அதைவிடக் கெளவி."

"முப்பதாவது வருஷம் ஒரேடியா குதிச்சு வராதுடி. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வரும். இன்னைக்கே உள்ள நாப்பத்து நாலு."

"நான் நின்னேனே. அவ்ளோ ஒண்ணும் தெரியலயே."

பாதரசம் நடப்பதை நிறுத்தினாள். அவள் நின்றது அன்று அந்த ஒரு தடவைதான் என்று தங்கை பிற்பாடு சொன்னாள்.

"நீ நின்னே. உன் புள்ளைங்க நிக்குமா? படுக்கும்ல. நாளைக்குக் காலையில போகாதே, மதியம் போலாம். ஒரு பாய் மட்டும் எடுத்துக்கோ."

கூடத்துக்காரருக்குப் போன் பண்ணி, கையெழுத்தை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தாள் தங்கை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

மறுநாள் பிள்ளைகளை உதவிக்கு வருகிற அம்மாளிடம் விட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒரு மணிக்குக் கூடத்துக்குப் போனார்கள். நடுவில் பாயைப் போட்டார்கள். மூன்று அடி நீளப் பாய். யானை படம் போட்டது. தங்கை அதில் முதுகை வைத்து, காலை வெளியே நீட்டிப் படுத்தாள். நிற்கும்போது தலைக்கு மேல் எங்கோ இருந்த தகரம், படுத்தவுடன் முகத்துக்கு நேரே வந்தது. மேலிருந்து அது வெக்கையை இறக்கியது. கீழிருந்து சிமென்ட் தரை ஏற்றியது. பாதரசம் வெப்பமானியை அவள் காதோரம் தரையில் வைத்துவிட்டு, சுவரோடு நடந்தாள்.

அரை நாள் படுத்திருந்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பதினொரு நிமிடம். முதல் நிமிடம், "ஒண்ணுமில்லயே" என்றாள். மூன்றாவது நிமிடம் புரண்டு படுத்தாள். ஐந்தாவது நிமிடம் யானைக்குப் பக்கத்தில் பாய் இல்லாத தரையில் பட்ட முழங்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.  எழுந்தபோது பாயில் அவள் முதுகு முழுதாக ஈரத்தில் பதிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குட்டியூண்டு ஒருத்தி இருக்கா, எழுந்திரிக்கணும்னாகூடச் சொல்லத் தெரியாது. தூங்கிட்டா புரண்டுகூடப் படுக்க மாட்டா."

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெப்பமானியை அவள் பார்க்கவே இல்லை. வாசலிலிருந்தே கூடத்துக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். "ஒரு பதினொரு நிமிஷம் நீங்க படுத்துப் பாருங்க அண்ணே, அப்புறம் பேசலாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டீச்சரம்மா மாடி அறைகளை ஒரு தையல்காரருக்குப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தார். தங்கை போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டீச்சரம்மா அவளை அரை மணி நேரம் காலாண்டுத் தேர்வில் தோற்ற பெண் மாதிரி நிற்கவைத்து, இனி எந்தப் பிள்ளையும் மாடிப்படிக் கைப்பிடியில் கரண்டியால் தட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். அந்த நிபந்தனை அடுத்த நாளே உடைந்தது. அது வேறு கதை.

காப்பகத்துக்குத் திரும்பியதும் தங்கை மெழுகுக் கலர் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். எல்லாம் சுண்டுவிரல் துண்டுகள். ஒன்று மட்டும் நுனி மழுங்காமல் முழு நீளத்தில் இருந்தது.

"பாரு, இந்த வெள்ளையை ஒரு புள்ளை தொடாது. உன் கம்ப்யூட்டருக்குத்தான் பிடிச்சிருக்கு."

"கருஞ்சிவப்புக்கு மேல என்ன போடலாம்?"

தங்கை துண்டுகளைக் கிளறி ஊதாவை எடுத்துக் கொடுத்தாள். "அடம் பிடிச்சு மூச்சைப் பிடிக்கறவன் மொகம் இப்படித்தான் ஆகும்." பாதரசம் சுவரிலிருந்த வரைபடத்தில் கிடங்குத் தெருவை அந்தத் துண்டு தேயத்தேயப் பூசினாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஏணிக்கு மேல் ஊதா என்று ஒரு படி கட்டி, யாரையும் கேட்காமல் புதிதாக ஐம்பது பிரதி எடுத்தாள். நுழைவாயில் பலகையில் வெள்ளையின்மேல் ஊதாக் காகிதம் ஒட்டினாள். கல்தூண் விளக்கம் கேட்டு எழுதினார். அவள் சொன்னபடியே நின்றுகொண்டு பதில் எழுதினாள். மிச்சப் பிரதிகளைக் கிடங்குத் தெருவுக்கு அவளே கொண்டுபோய்க் கதவு கதவாகத் தட்டிக் கொடுத்தாள். ஒருவரும் மோர் கொடுக்கவில்லை.

"ஒரு வாரம் நிம்மதியா இருந்தோம். வந்து கெடுத்துட்டியே," என்றார் காவல்காரர். புதுப் பிரதியையும் நாலாக மடித்து விசிற ஆரம்பித்திருந்தார்.

"வேர்க்குதாண்ணே?"

"நேத்து வரைக்கும் இல்ல. நீ ஊதா அடிச்சதுக்கப்புறம்தான்."

"உங்க அறைக்கும் தகரமா?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். "தகரம்தான்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூணு வருஷமா மதியம் உள்ள போறதில்ல," என்றார். பாதரசம் அதைக் குறித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை கூட்டம் என்ன ஆயிற்று என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூட்டம் அதற்கடுத்த திங்களுக்குத் தள்ளிப்போயிற்று. பாதரசம் அந்த மதியம் காப்பகத்துக்குப் போனாள். இருபத்து மூன்று பாய்களும் விரித்து, ஒருத்தன் கால் இன்னொருத்தி வாயில் வழக்கம்போல. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பாய்களுக்கு நடுவே வெப்பமானியைத் தரையோடு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலைமாட்டுக்கும் போனாள்.

"உக்காருக்கா. தூக்கத்தைக் கலைச்சிடாதே."

"மேற்குச் செவுத்துப் பக்கம் ரெண்டு டிகிரி கூட இருக்கு."

தங்கை சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். "நம்ம தெரு ஆரஞ்சுதானே? ஆரஞ்சுன்னா எத்தனை நாள்?"

"அம்பத்தாறு."

"இப்ப?"

"பதினேழு."

தங்கை அந்த இரண்டு எண்களையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மேற்குச் சுவரோரம் படுத்திருந்த குட்டியூண்டை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, காலால் பாயை நகர்த்தி நடு அறைக்கு இழுத்தாள். அவளைக் கிடத்தியபின் உட்கார வரவில்லை. அடுத்த பாய்க்குப் போனாள். அக்கா ஒரு வரிசையில், தங்கை ஒரு வரிசையில், வெறுங்காலோடு, பிள்ளைகள் விழிக்கும்வரை நடந்துகொண்டே இருந்தார்கள்.